ஒரே குடும்பத்து பேட்டரி

கடை திறப்பதற்கு முன்பே சிட்டு வந்து நின்றுவிட்டாள்.

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே யாரோ பெருக்கும் சத்தம். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனார் வருவாளா, மாட்டாளா?

சிட்டுவின் கணவர் தச்சர். சில மாதங்களுக்கு முன்பு வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். ட்ரில்லிங் மெஷினின் வயர் ஏணிக் காலில் சிக்கி, ஏணி ஆடி, மனிதர் வேலை எடுத்திருந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறைத் தரையில் வந்து விழுந்தார். வலது தோள் போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சமையலறைக்கு அலமாரி மாட்டுகிறவருக்குப் பாதி வேலை தோளுக்கு மேலேதானே?

"மீதியை நான் முடிக்கறேங்க" என்று சிட்டு சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அவருக்குப் பலகை பிடித்தவள், விளிம்பு ஒட்டியவள், உப்புத்தாள் தேய்த்தவள். அவளுக்குத் தெரியாத வேலையா?

"வயர் மட்டும் வேண்டாம் சிட்டு. வயர் இல்லாத மெஷினா வாங்கு" என்றார். அவ்வளவுதான் அவர் போட்ட நிபந்தனை.

எந்த மெஷின், எந்த பேட்டரி? யாரைக் கேட்பது? ஒரே ஒருத்திதான் இருந்தாள். தச்சரின் தங்கை. வயது முப்பதைத் தாண்டி, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சர்வீஸ் சென்டரில் பேட்டரி பிரிவுக்கே பொறுப்பாக இருந்தாலும், வீட்டில் அவளுக்கு இன்னமும் வாலு என்றுதான் பெயர். அவர் விழுந்த அன்றைக்கு லீவு போட்டு அண்ணனுக்கு ஒத்தாசையாக வந்து, ஏணிக்குக் கீழே வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

கணவருக்குத் தெரியாமல்தான் போன வாரம் சிட்டு அவளுக்கு போன் செய்தாள்.

"முதல் நாள் ஸ்கூலுக்கு வந்த குழந்தை மாதிரி நிக்கறீங்களே அண்ணி!"

சிட்டு திடுக்கிட்டுத் திரும்பினாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள் வாலு. முகம் ஒட்டிப்போயிருந்தது.

"இளைச்சுட்ட" என்றாள் சிட்டு.

"நீங்க ஒருத்திதான் அப்படிச் சொல்றீங்க. வாங்க, உள்ள போலாம்." இரண்டு அடி நடந்தவள் நின்றாள். "நான் வர்றது அண்ணாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியே இருக்கட்டும்."

கடைக்காரர் உற்சாகமான மனிதர். அலமாரிக்கு அலமாரி தாவி, கடையிலேயே பெரிய பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"இதை வாங்கிட்டுப் போங்கம்மா. மலையையே துளைக்கலாம்."

"எங்களுக்கு மலை வேண்டாம் சார், சமையலறை போதும்" என்ற வாலு, மெஷினை எடுத்து சிட்டுவின் கையில் கொடுத்தாள். "தலைக்கு மேல தூக்குங்க அண்ணி. நான் சொல்றவரைக்கும் இறக்கக் கூடாது."

சிட்டு தூக்கினாள். வாலு கடைக்காரரோடு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டாள். வியாபாரம் எப்படி, வெயில் எப்படி, அந்த மூலையில் இருந்த டீக்கடை என்ன ஆயிற்று? சிட்டுவின் கை நடுங்கத் தொடங்கியது. அப்புறம் முழங்கை. அப்புறம் உதடு.

"போதும்டி!"

"ஒரு அலமாரிக்கு எத்தனை ஸ்க்ரூ அண்ணி?"

சிட்டு மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். மெஷினை மெதுவாக மேஜையில் இறக்கிவைத்தாள்.

"இது வேண்டாம்" என்றாள்.

கடைக்காரர் சளைக்கவில்லை. குட்டியாக ஒன்றை நீட்டினார். பொம்மை மாதிரி லேசாக இருந்தது. சிட்டுவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அவளே கேட்டாள்: "கான்கிரீட் சுவரைத் துளைக்குமா?"

"இது மரத்துக்கும்மா. ஸ்க்ரூ போடறதுக்கு. சுவருக்கு அந்தப் பெரியது. ரெண்டையும் வாங்கிட்டா கவலையே இல்ல."

"ரெண்டுக்கும் ஒரே பேட்டரி போடலாமா சார்?" என்றாள் வாலு.

கடைக்காரரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அது எப்படிங்க? இது பன்னிரண்டு வோல்ட், அது பதினெட்டு. சார்ஜரும் வேற வேற."

"பாத்தீங்களா அண்ணி, ரெண்டு குடும்பம் நடத்தச் சொல்றார். ஒண்ணு நடத்தறதுக்கே இங்க நாக்கு தள்ளுது!"

பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைக்காரராலும் அடக்க முடியவில்லை.

வாலு அண்ணியின் பக்கம் திரும்பினாள். "மெஷின் உழைச்சுத் தேஞ்சு போகும், மாத்திக்கலாம். நாளைக்கு ரம்பம் வாங்குவீங்க, தேய்க்கற மெஷின் வாங்குவீங்க. எல்லாம் இதே பேட்டரியிலதான் ஓடணும். அதனால முதல்ல பேட்டரியைப் பாருங்க. அப்புறம் மெஷினைப் பாக்கலாம்."

"பொண்ணு பாக்கப் போய் மாமியாரைப் பாக்கற மாதிரியா?" என்றார் கடைக்காரர்.

"அதேதான். காலம் பூரா கூட இருக்கப்போறது அவங்கதானே?"

கடைசியில் பதினெட்டு வோல்ட் குடும்பத்திலேயே இரண்டு மெஷின் எடுத்தார்கள். ஸ்க்ரூ போட, கட்டையான தலையுள்ள சின்னது ஒன்று. சுவரைத் துளைக்க, தட்டித் தட்டிக் குடைகிற ட்ரில் ஒன்று. பேட்டரியும் இரண்டு. ஒன்று மெல்லியது: சீக்கிரம் தீரும், ஆனால் கனக்காது, தலைக்கு மேலே வேலை செய்ய அதுதான் சரி. மற்றது குண்டு: கனம், ஆனால் நின்று உழைக்கும், சுவர் வேலைக்கு அது. இரண்டும் இரண்டிலும் பொருந்தும்.

எந்தக் கம்பெனி என்பதில் மட்டும் சின்னத் தகராறு. வாலு ஒன்றைச் சொன்னாள். சிட்டு அதைப் பிடித்துப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

"பிடி தடிமனா இருக்கு வாலு. விரல் நுனிதான் பொத்தானுக்கு எட்டுது. அந்த இன்னொண்ணு என் கைக்குள்ள அடங்குது."

"ஆனா அதுல..." என்று ஆரம்பித்த வாலு நிறுத்திக்கொண்டாள். "ஏணியில ஏறப்போறது நீங்க. நீங்க சொல்றதுதான் சரி."

இத்தனை வருஷத்தில் ஒரு மெஷின் விஷயத்தில் சிட்டுவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பையில் பணத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கடையில் சார்ஜ் ஏற்றி வாங்கிக்கொண்டு நேராக அந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். கட்டடத்துக்கு இன்னும் கரண்ட் இணைப்பு வரவில்லை. அன்றைக்குத் தச்சர் வேலை செய்தது கீழ்த்தளத்திலிருந்து படிப்படியாக இழுத்து வந்த வயரில்.

சமையலறை வாசலோடு வாலு நின்றுவிட்டாள். உள்ளே அதே ஏணி, மடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. அதே தரை.

"உள்ள வா" என்றாள் சிட்டு. "ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்."

வாலு வந்தாள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தவள் ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கக்கூட ஒரு கையை விடவில்லை. சிட்டுவே இறங்கி இறங்கி எடுத்துக்கொண்டாள்.

முதல் துளை கோணலாகப் போயிற்று. இரண்டாவது தேவலை. மூன்றாவதில் மெஷினை எப்படி நெஞ்சோடு சேர்த்து அழுத்த வேண்டும் என்று கைக்குப் புரிந்துவிட்டது. சிமென்ட் தூள் கண் இமையெல்லாம் படிந்தது. தாங்கு பட்டையை முடுக்கி, இருவருமாகத் தூக்கி அலமாரியை மாட்டியதும், சிட்டு அதன் அடிப்பலகையைப் பிடித்து உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். தச்சர் அப்படித்தான் செய்வார். அலமாரி அசையவில்லை.

"அண்ணி!" என்று கத்தினாள் வாலு. "நிக்குது!"

"நிக்காம?" என்று சிட்டு சிரித்தாள். ஏணியின் மேல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, முகத்தைத் துடைக்காமலே கேட்டாள்: "ஏன் வாலு வீட்டுக்கு வர்றதில்ல?"

வாலுவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஸ்ட்ரெச்சர்ல போகும்போது அண்ணா கண்ணைத் திறந்தார். என்னைப் பாத்து, 'வயரை இழுத்தது நீதானே'ன்னார். அப்புறம் கண்ணை மூடிட்டார். எந்த முகத்தோட வரச் சொல்றீங்க?"

கணவர் இப்படி ஒரு வார்த்தையை ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அவர்தான். கையெல்லாம் தூளாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிட்டு, என் பழைய ஸ்க்ரூ மெஷின் கொல்லையில மழையில கிடந்துச்சே, அதோட பேட்டரியைச் சார்ஜ்ல போட்டிருக்கேன். உனக்கு ஸ்பேரா இருக்கட்டும்னு." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். விழுந்ததிலிருந்து அந்தக் குரலில் சிட்டு கேட்டிராத சந்தோஷம். "ஆனா நல்லாச் சூடாகுது. ரூம் பூரா நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை வேற. நீ ஏதாவது கொட்டி வெச்சிருக்கியா?"

வாலு போனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, அதைத் தொடாதே! வாசல்ல இருக்கற மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு வெளியே வா. இப்பவே!"



"வாலுவா?"

"வெளியே வா அண்ணா!"

ஸ்கூட்டர் எப்படிப் போயிற்று என்று சிட்டுவுக்குத் தெரியாது. வாலுவின் இடுப்பை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய பட்டறை. இழைத்த தூள், பலகை, பாலிஷ் டப்பா, தின்னர் டப்பா. அந்த மேஜையில்தான் பேட்டரி இருக்கும். வேறு எங்கே இருக்கும்?

தச்சர் தெருவில் நின்றிருந்தார், வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. வாலு அவரைப் பார்த்தும் பார்க்காமலும் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"புகை இல்ல. நல்லவேளை." ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து தடித்த கையுறைகளை எடுத்து மாட்டினாள். "அண்ணி, பக்கத்துல வீடு கட்டறாங்களே, ஒரு பக்கெட் மணல் கேட்டு வாங்கிட்டு வந்து பின்பக்கம் வைங்க. யாரும் உள்ள வரக் கூடாது."

"நீ போகாதே!" என்று தச்சர் கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. "வீடு போனா போகட்டும்! வாலு!"

அவள் போய்விட்டாள்.

சிட்டு மணல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். தச்சரும் பின்னாலேயே வந்தார். பின்கதவு திறந்தது. நீளக் கைப்பிடி போட்ட இரும்பு முறத்தில் பேட்டரியை ஏந்தி, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்து வாலு வந்தாள். பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் இளகி, உப்பியிருந்தது. சிமென்ட் தரையின் நடுவில் இறக்கிவைத்தாள். பாதி மணலைக் கொட்டியிருப்பாள், சீறிற்று. வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பி, அதற்குள்ளிருந்து ஒரு தீ நாக்கு ஆள் உயரத்துக்கு வந்து போயிற்று.

"தள்ளி வாங்க! புகையை இழுக்காதீங்க!"

மூவரும் சந்து முனைக்கு ஓடி நின்றார்கள். படபடவென்று வெடித்தது. மறுபடி வெடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அந்தத் தின்னர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இது நடந்திருந்தால்? சிட்டு நினைத்துப் பார்த்தாள். சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

தச்சர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"அறிவிருக்கா உனக்கு? உள்ள போறியே! ஏதாவது ஆயிருந்தா?"

"தினமும் நான் பாக்கற வேலைதான் அண்ணா. புகை கிளம்பியிருந்தா நானும் போயிருக்க மாட்டேன்." கையுறையைக் கழற்றினாள். "மழையில நனைஞ்ச பேட்டரி. அதுக்கு எந்தச் சார்ஜரைப் போட்ட?"

"அதோடது கிடைக்கல. வேற ஒண்ணு இருந்துச்சு. முனை பொருந்திச்சு, போட்டேன்."

"காலுக்குப் பொருந்துதுன்னு அடுத்தவன் செருப்பைப் போட்டுட்டு வருவியா?"

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "அவ ஒருத்தியாக் கஷ்டப்படறா. நானும் ஏதாவது பண்ணலாம்னு பாத்தேன்."

இதற்கு மேல் பொறுக்க சிட்டுவால் முடியவில்லை.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வாலுகிட்ட என்ன சொன்னீங்க?"

"அண்ணி, வேண்டாம்."

"நீ சும்மா இரு. வயரை இழுத்தது நீதானேன்னு கேட்டீங்களா?"

தச்சர் மனைவியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நானா?"

"அப்படித்தான் சொன்ன" என்றாள் வாலு மெதுவாக. "நான்தானே பிடிச்சிட்டிருந்தேன்."

"வாலு, விழுந்ததுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு ரெண்டுதான் ஞாபகம் இருக்கு. என் தலைக்கு அடியில ஒரு கை இருந்துச்சு. அது நடுங்கிட்டே இருந்துச்சு, ஆனா எடுக்கவே இல்ல. அப்புறம் 'தூங்காதே அண்ணா, தூங்காதே'ன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு குரல். வலியில வேற என்ன உளறினேன்னு சத்தியமாத் தெரியாது." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆனா விழறதுக்கு முன்னாடி நடந்தது நல்லா ஞாபகம் இருக்கு. 'சிக்கு எடுக்கறேன், கொஞ்சம் பொறு அண்ணா'ன்னு நீ சொன்ன. நான் பொறுக்கல. மேல இருந்து வெடுக்குன்னு இழுத்தது நான்தான்."

வாலு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் நீ ஒரு போன் கூடப் பண்ணல?"

"நீ வரல. இந்தக் கையைப் பாக்கவே உனக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சுட்டேன்." இடது கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். சிமென்ட் தூள் உதிர்ந்தது. "அந்த ஒரு கை என் தலைக்கு அடியில இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல. தினமும் நெனச்சுப்பேன். வாயைத் திறந்து சொல்லணும்னு தோணல பாரு. கூடப் பிறந்தவதானே, தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டேன்."

வாலு அழுதாள். சின்ன வயதில் அழுததுபோல, முகத்தை மூடாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். சிட்டு எழுந்துபோய்த் தன் முந்தானையைக் கொடுத்தாள், அதிலும் தூள்தான். முகம் வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்துத் தச்சர் சிரித்தார். வாலுவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அந்தக் கரியைக் குப்பையில போட்டுடாதீங்க அண்ணி" என்றாள் மூக்கடைத்த குரலில். "வெளியவே கிடக்கட்டும். எங்க சென்டர்ல இதுக்குன்னு தனி டிரம் இருக்கு, நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்."

சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே வாலு சார்ஜருக்கு வேறு இடம் பார்த்துவிட்டாள்: தின்னர் இல்லாத பக்கம், கல் மேடையில், கண்ணில் படுகிற மாதிரி. "வேலை முடிஞ்சதும் பேட்டரி சூடாத்தான் இருக்கும். ஆறினப்புறம் போடுங்க. நீங்க வீட்டுல இருக்கும்போது மட்டும் போடுங்க" என்று சொல்லி, அண்ணனை அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லவும் வைத்தாள். தச்சர் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். பிறகு புது மெஷினை இடது கையில் எடுத்து, கழிவுப் பலகையில் ஒரு ஸ்க்ரூவை இறக்கிப் பார்த்தார். நேராக இறங்கியது.

"லேசா இருக்கு" என்றார். "கீழ் வரிசை அலமாரி தோளுக்குக் கீழதானே? உட்கார்ந்துட்டே நான் மாட்டிடுவேன் சிட்டு."

காலையில் கடை வாசலில் காத்து நின்றது, அந்தத் தூள், அந்த ஓட்டம் எல்லாவற்றுக்கும் சிட்டுவின் மனம் கும்பிடு போட்டது.

"அப்போ அடுத்த வாரமும் லீவு போட்டுடு வாலு" என்றாள். "நீ இருந்தா ரெண்டே நாள்ல முடிச்சுடலாம்."

வாலு தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"அண்ணி, நான் இன்னிக்கு வந்ததே சொல்லிட்டுப் போகத்தான்." நிமிராமல் சொன்னாள். "பழைய பேட்டரியைப் பிரிச்சு மறுபடி உயிர் குடுக்கற கம்பெனி ஒண்ணு. கடல் தாண்டி. மூணு வருஷத்துக்குக் கூப்பிடறாங்க. எனக்கு இங்க யார் இருக்கான்னு நெனச்சு, சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்துல பதில் கேட்டுப் பேசுவாங்க."

தச்சரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

மேஜையில் இருந்த போன் அடித்தது. வாலு எடுக்கவில்லை. அண்ணனையே பார்த்தாள்.

தச்சர் போனை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துப் பேசு. என் முகத்தைப் பாத்து முடிவு பண்ணாதே. உனக்கு எது நல்லதுன்னு தோணுதோ, அதைச் சொல்லு."

வாலு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவைச் சாத்தவில்லை. "ஹலோ" என்ற குரல் கேட்டது. பிறகு நெடுநேரம் அந்தப் பக்கத்துக்காரர்களே பேசிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"இன்னிக்குத்தான் வந்தா. போகட்டும்னு சொல்லிட்டீங்களே" என்றாள் சிட்டு, கண் கலங்க.

"வந்தாளே சிட்டு" என்றார் அவர். "எனக்கு அது போதும்."

வெளியிலிருந்து வாலுவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். நான் என் முடிவைச் சொல்லிடறேன்."